துணி காயாத காட்டுக்குப் பயணம்

சஃபாரி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு சட்டைதான். நான்கு பைகள் வைத்த அரைக்கைச் சட்டை. அதே துணியில் கால்சட்டை. 1970களிலும் 80களிலும் நம் தந்தையரும் மாமன்மாரும் டெரிகாட்டன் துணியில் இதைத் தைத்து அணிந்துகொண்டு கல்யாணப் பந்தலில் வியர்த்து நின்றதை வீட்டிலுள்ள பழைய புகைப்படங்கள் இன்றும் காட்டும். சொல் என்னவோ கிழக்கு ஆப்பிரிக்காவினுடையது. சுவாஹிலி மொழியில் சஃபாரி என்றால் பயணம். அரபு மொழியிலிருந்து அங்கே சென்று வழங்கிய சொல் அது. கென்யா, தான்சானியா நாடுகளின் புல்வெளிகளில் வேட்டைக்குச் சென்ற வெள்ளையர்கள் பருத்தியாலான காக்கிச் சட்டையும் தோல் பூட்சும் அணிந்தனர். அங்கே ஆண்டின் பெரும்பகுதி காற்று உலர்ந்திருக்கும். நனைந்த சட்டை சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். எனவே அந்த உடை அந்த இடத்துக்குப் பொருத்தமானதே.

இன்றோ சஃபாரி என்ற சொல் புல்வெளியைக் கடந்து போர்னியோ, காங்கோ, அமேசான் மழைக்காடுகளுக்குள்ளும் புகுந்துவிட்டது. ஆனால் நாம் தூக்கிச் செல்லும் பை மட்டும் புல்வெளிக்கு உரியதாகவே இருந்துவிடுகிறது.

எங்கள் கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் நெடுநாள் ஆசையாகப் போர்னியோவுக்குப் புறப்பட்டார். அத்தீவின் வடபகுதியில், மலேசியாவின் சபா மாநிலத்தில், டானும் பள்ளத்தாக்கு என்றொரு காப்புக்காடு உண்டு. பரப்பு 438 சதுர கிலோமீட்டர். 2019ஆம் ஆண்டில் ஒருவர் உச்சி வரை ஏறி நாடாவைத் தொங்கவிட்டு 100.8 மீட்டர் என்று அளந்த மஞ்சள் மெராந்தி மரம் அங்கேதான் நிற்கிறது. வெப்பமண்டலக் காடுகளில் அளக்கப்பட்ட மிக உயரமான மரங்களுள் அது ஒன்று. அதைப் பார்க்க வேண்டும், ஒராங் உட்டானைப் பார்க்க வேண்டும் என்பது நண்பரின் திட்டம்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு தாளை என்னிடம் நீட்டினார். ஜீன்ஸ் கால்சட்டை இரண்டு, பருத்திச் சட்டை ஐந்து, தேங்காய்ப்பூத் துவாலை ஒன்று, தோல் பூட்ஸ், ரப்பர் பூசிய மழைக்கோட்டு, கேமரா, மருந்துகள் என்று நீண்டது பட்டியல். "சார், ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா, பாருங்கள்" என்றார். "விட்டுப்போனது அதிகம் இல்லை சார், விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான் அதிகம்" என்றேன். சிரித்தார். நான் சொன்னவற்றில் பாதியை ஏற்றுக்கொண்டார். மீதிப் பாதியின் கதையைப் பின்னர் சொல்கிறேன்.

காற்று எவ்வளவு நீரைத் தாங்கும்?

மழைக்காட்டுக்குச் செல்வோர் மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சி மூட்டை கட்டுகிறார்கள். டானும் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல் இரு மடங்கு. சராசரி வெப்பநிலை 27° செ. அளவில்தான் இருக்கிறது. வேலூரில் மே மாதத்தைக் கழித்தவருக்கு இது ஒரு வெப்பமா என்று தோன்றும். உண்மையான இடர் மழையிலும் இல்லை, வெயிலிலும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நீராவியில் இருக்கிறது.

ஒரு கன மீட்டர் காற்று தன்னுள் எவ்வளவு நீராவியை ஏற்கும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. 10° செ.யில் ஏறத்தாழ 9 கிராம், 20° செ.யில் 17 கிராம், 30° செ.யில் 30 கிராம். அந்த எல்லையை எட்டிய காற்றைத் தெவிட்டிய காற்று என்கிறோம். எல்லையில் எத்தனை விழுக்காடு நிரம்பியிருக்கிறதோ அதுவே ஒப்பு ஈரப்பதம்.

மழைக்காட்டில் மண் எப்போதும் ஈரம். கோடிக்கணக்கான இலைகள் பகலெல்லாம் நீராவியை வெளிவிட்டுக்கொண்டே இருக்கின்றன. மேலே மரக்கூரை பந்தல் போட்டதுபோல் மூடிக்கிடப்பதால் தரை மட்டத்தில் காற்று அசைவதில்லை. எனவே டானும் பள்ளத்தாக்கில் காலை வேளையில் ஒப்பு ஈரப்பதம் 95 விழுக்காட்டை நெருங்கும். மரமற்ற திறந்த வெளியில் மட்டும் பிற்பகல் இரண்டு மணி அளவில் அது 70க்குச் சற்று மேல் வரை இறங்குகிறது. இந்தப் பிற்பகல் விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பயன்படும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. நனைத்துப் பிழிந்த ஜீன்ஸ் ஒன்றில் அரை லிட்டர் நீராவது தங்கியிருக்கும். 25° செ.யில் தெவிட்டு எல்லை 23 கிராம். ஒப்பு ஈரப்பதம் 95 என்றால் எஞ்சியுள்ள இடம் ஒரு கன மீட்டருக்கு 1.15 கிராம்தான். அரை லிட்டர் நீரை ஏற்க 430 கன மீட்டருக்கு மேல் காற்று வேண்டும். பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் உயரமும் உள்ள ஒரு பெரிய வகுப்பறை முழுவதும் உள்ள காற்று, அந்த ஒரு ஜீன்சைத் தொட்டுத் தழுவிக் கடந்து போனாலும் போதாது! இதுவும் மேலோட்டமான கணக்கே. நீர் ஆவியாகும்போது காற்று சற்றுக் குளிர்வதால் அதன் கொள்ளளவு இன்னும் குறையும். உண்மையில் தேவைப்படும் காற்று இதைவிட அதிகம். அதே கணக்கை மதுரையில் ஒரு கோடை நண்பகலுக்கு, 38° செ., ஒப்பு ஈரப்பதம் 30 என்று வைத்துப் போட்டால், ஒரு கன மீட்டரில் 32 கிராமுக்கு இடம் இருக்கிறது. அங்கே மொட்டைமாடிக் கொடியில் போட்ட துணி மொறமொறவென்று காய்வதும், இங்கே மூன்று நாள் தொங்கினாலும் ஈரம் போகாததும் இதனால்தான்.

ஆகவே மழைக்காட்டுக்கு மூட்டை கட்டும்போது எது நனையும் என்று கேட்பதில் பயனில்லை. எல்லாமே நனையும். நனைந்தது காயாது. எந்தெந்தப் பொருள் எக்காரணம் கொண்டும் நனையக் கூடாது என்று முதலில் முடிவு செய்து, அதை மட்டும் காப்பதே வழி. என் கணக்கில் அப்படிப்பட்டவை நான்கு: இரவில் உடுக்கும் துணி ஒரு மாற்று, மருந்து, ஆவணங்கள், கேமரா. ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதைப் பையில் வைக்க முடியாது. அது நம் பாதத் தோல்.

வியர்த்தும் குளிராத உடல்

துணி காயாதது வெறும் தொல்லை. அதே காரணத்தால் வியர்வை காயாமற் போவது உயிருக்கு ஆபத்து.

சுமையோடு மேட்டில் ஏறும் ஒருவரின் உடலில் மணிக்கு ஏறத்தாழ 400 கிலோ கலோரி வெப்பம் பிறக்கிறது என்று கொள்வோம். சூழ்ந்துள்ள காற்று உடலைப் போலவே வெதுவெதுப்பாக இருந்தால் இவ்வெப்பத்தைப் போக்க வியர்வை ஒன்றே வழி. தோலின் மீது ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் 580 கிலோ கலோரி வெப்பம் அதனுடன் போகும். அதாவது மணிக்கு 700 கிராம் வியர்வை ஆவியாக வேண்டும். சுரக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆவியாக வேண்டும் என்கிறேன். நெற்றியிலிருந்து சொட்டித் தரையில் விழும் வியர்வை உடலைச் சிறிதும் குளிர்விப்பதில்லை. உடலின் நீரையும் உப்பையும் எடுத்துக்கொண்டு, வெப்பத்தை நம்மிடமே விட்டுவிட்டுப் போகிறது.

எவ்வளவு ஆவியாகும் என்பதைத் தீர்மானிப்பது தோலுக்கும் காற்றுக்கும் இடையேயுள்ள நீராவி அழுத்த வேறுபாடு. 35° செ. வெப்பநிலையுள்ள ஈரத் தோலில் இவ்வழுத்தம் 42 மில்லிமீட்டர் பாதரசம். வேலூரில் 40° செ. வெயிலில் ஒப்பு ஈரப்பதம் 20 என்றால் காற்றின் நீராவி அழுத்தம் 11 மில்லிமீட்டர், வேறுபாடு 31. மழைக்காட்டில் 29° செ. நிழலில் ஒப்பு ஈரப்பதம் 90 என்றால் காற்றின் நீராவி அழுத்தம் 27, வேறுபாடு 15தான். வெப்பநிலை பதினொரு டிகிரி குறைவாக இருந்தும் வியர்வையை இழுக்கும் விசை பாதியாகிவிட்டது. காற்றோட்டமும் இல்லாததால் தோலை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலம் தெவிட்டியபடி அப்படியே நிற்கிறது. (பனையோலை விசிறியை எடுத்துச் செல்லுங்கள் என்று நண்பரிடம் சொன்னேன், வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார். மடக்கும் விசிறியாவது ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. தெவிட்டிய படலத்தை விலக்கிவிடுவதே விசிறியின் வேலை.)

60 கிலோ எடையுள்ளவரின் உடல் வெப்பநிலை ஒரு டிகிரி உயர ஏறத்தாழ 50 கிலோ கலோரி போதும். பிறக்கும் 400 கிலோ கலோரியில் 250 மட்டும் வெளியேறி, மீதி 150 உள்ளேயே தங்குகிறது என்றால், இருபது நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் உடல் சூடேறும். 37இல் தொடங்கினால் ஒரு மணி நேரத்தில் 40. வெப்ப மயக்கத்தின் வாசல் அதுதான்.

ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்கிறோம். அது 35° செ.யைத் தொட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனாலும் தாங்க முடியாது என்று 2010இல் ஷெர்வுட், ஹூபர் என்ற இருவர் கணக்கிட்டுக் காட்டினர். 2022இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை அறையில் வைத்துச் சோதித்தபோது, இலேசான வேலை செய்பவரின் உடல், ஈரமான காற்றில் 31° அளவிலேயே சமநிலையை இழக்கத் தொடங்குவது தெரியவந்தது. நாம் மேலே எடுத்துக்கொண்ட மழைக்காட்டு நிழலின் ஈரக்குமிழ் அளவு 27, 28 வரும். இடைவெளி சிறியது. அந்த இடைவெளியைச் சுமையும், வேக நடையும், இறுக்கமான உடையும் தின்றுவிடக் கூடும்.

நண்பருக்கு நடந்தது இதுதான். இரண்டாம் நாள் காலை பத்து மணிக்குமேல் ஒரு பாறை முகட்டை நோக்கிக் குழுவாக ஏறியிருக்கிறார்கள். இவர் ஜீன்ஸ் அணிந்திருந்தார். முதுகில் எட்டுக் கிலோ. சட்டையைப் பிழிந்தால் நீர் கொட்டும் அளவுக்கு வியர்வை; ஆனாலும் உடம்பு கொதித்தது என்றார். தலைவலி, குமட்டல். பிறகு வழிகாட்டி கேட்ட கேள்விக்குப் பொருத்தமில்லாமல் ஏதோ பதில் சொன்னாராம்; அது அவருக்கே நினைவில்லை. அந்த வழிகாட்டி விவரம் அறிந்தவர். உடனே பையைக் கழற்றி, பூட்சை அவிழ்த்து, கைத்தாங்கலாக அழைத்துப்போய்ப் பக்கத்து ஓடையில் இடுப்பளவு நீரில் உட்கார வைத்து, தலையிலும் தோளிலும் நீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். கால் மணியில் தெளிவு வந்தது. காற்றைப் போல் ஏறத்தாழ 25 மடங்கு வெப்பங்கடத்துவது நீர். ஆவியாதல் செய்ய இயலாததை ஓடை நீர் கடத்தலால் செய்தது. ஓடை அருகில் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பையில் எது, வீட்டில் எது

ஜீன்சை வீட்டில் வைத்துவிட வேண்டும். பருத்தியிழை நீரை விரும்பும் இழை. 20° செ., ஒப்பு ஈரப்பதம் 65 என்ற சாதாரணக் காற்றிலேயே 100 கிராம் உலர் பருத்தி ஏறத்தாழ 8 கிராம் நீரைக் காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும்; தெவிட்டுநிலையை நெருங்கும் காற்றில் அதைப் போல் இரு மடங்குக்கும் மேல். பாலியெஸ்டர் அதே சாதாரணக் காற்றில் அரைக் கிராம்கூட இழுப்பதில்லை. நம் ஊர் வறண்ட வெயிலில் பருத்தி நமக்குத் தோழன். வியர்வையை உறிஞ்சி மெல்ல ஆவியாக்கித் தருகிறது. ஆவியாதலே நடக்காத இடத்தில் அந்தக் குணமே சுமையாகிவிடுகிறது. எனவே பகலில் அணிய, தளர்ந்து தொங்கும் முழுக்கை மெல்லிய செயற்கையிழைச் சட்டை ஒன்றும், அதே வகைக் கால்சட்டை ஒன்றும் போதும். சட்டை ஐந்து எதற்கு? ஐந்தும் ஈரமாகத்தான் போகின்றன.

தேங்காய்ப்பூத் துவாலைக்குப் பதில் நம் ஈரிழைத் துண்டு. துவாலையின் வளையங்கள் நீரை அடக்கி வைத்துக்கொள்ளும். மெல்லிய துண்டில் எடைக்கு அதிகமான பரப்பு காற்றைத் தொடுகிறது. மாலையில் குளித்துத் துவட்டி, பிழிந்து, மறுபடி துவட்டலாம். படுக்கும்போது உடுக்க ஒரு கைலி. இது மட்டும் பருத்தியாக இருக்கலாம்; ஏனெனில் இது அந்த நனையாத மூட்டையைச் சேர்ந்தது.

தோல் பூட்ஸ் அங்கே ஊறிய அப்பளம். ஒரு முறை ஓடையில் இறங்கினால் பயணம் முடியும்வரை காயாது. மூன்றாம் நாள் பூஞ்சணம் பூத்துவிடும். மலேசியாவில் ரப்பர் தோட்டத்தாரும் மலைச் சுமை தூக்குவோரும் முழுக்க ரப்பராலான, அடியில் முளைகள் வைத்த மலிவான செருப்பு மாதிரிக் காலணி ஒன்றை அணிகிறார்கள். கேலியாக அதைக் 'கம்போங் அடிடாஸ்' என்பார்கள். கம்போங் என்றால் மலாய் மொழியில் கிராமம். ரப்பர் நீரை உறிஞ்சாது. சேற்றில் வழுக்காது. உள்ளே புகுந்த நீரைக் கழற்றிக் கொட்டிவிட்டு நடக்கலாம். வியட்நாம் போரில் அமெரிக்க வீரர்களுக்குத் தரப்பட்ட காட்டுக் காலணிகளில் நீர் வெளியேறுவதற்கென்றே ஓட்டைகள் வைத்திருந்தார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். தண்ணீரை உள்ளே விடாத காலணி வேண்டாம். உள்ளே வந்ததை வெளியே விடும் காலணி வேண்டும்.

மழைக்கோட்டு விஷயத்திலும் இதே கதை. ரப்பர் பூசிய கோட்டை அணிந்தால் மழையில் நனைவதற்குப் பதில் வியர்வையில் நனைவோம். வெப்பமோ போக வழியின்றி உள்ளே அடைபடும். 1976 முதல் கோர்டெக்ஸ் போன்ற துணிகள் கடைகளில் கிடைக்கின்றன. நுண்ணிய துளைகள் வழியே நீராவியை வெளியே விட்டு, மழைத்துளியைத் தடுப்பவை அவை, விலையும் அதிகம். ஆனால் நீராவி வெளியேற வேண்டுமானால் வெளியே அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். குளிர் நாட்டு மலையில் 5° செ. காற்றில் அது 6 மில்லிமீட்டர்தான். அங்கே அத்துணி நன்றாக வேலை செய்யும். மழைக்காட்டில் 27 மில்லிமீட்டர். துளைகள் திறந்துதான் இருக்கின்றன. வெளியே போகத் தூண்டும் வேறுபாடுதான் போதாது. இவ்வளவு செலவு செய்வதைவிட ஒரு மடக்குக் குடை மேல். குடைக்கு அடியில் காற்று புகுந்து வெளியேறும். அடர்ந்த புதருக்குள் குடை உதவாது, உண்மை. அங்கே மழையில் நனைந்துவிடுவதே உத்தமம்; 27° செ. காட்டில் நடந்துகொண்டிருப்பவரை மழை குளிர்விக்கும், அது நல்லதுதான்.

பைக்கு மேலே போடும் உறையை நம்ப வேண்டாம். முதுகை ஒட்டிய பக்கம் வழியே நீர் இறங்கும். உரச் சாக்கின் உட்புறம் இருக்குமே, அதுபோன்ற கனத்த பாலித்தீன் பை ஒன்றைப் பைக்குள் விரித்து, அதற்குள் பொருள்களை வைத்து, வாயை முறுக்கிக் கட்டிவிட்டால் ஆற்றில் விழுந்தாலும் மிதக்கும்.

அட்டைக்கென ஒரு காலுறை உண்டு. நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை தைத்து, கால்சட்டைக்கு மேலே இழுத்துக் கட்டுவது. சாதாரணப் பின்னல் காலுறையின் கண்கள் வழியே பசித்த அட்டை நூல்போல் மெலிந்து நுழைந்துவிடும். டானும் காட்டில் தரையில் ஒரு வகை, இலை நுனியில் காத்திருக்கும் வரியட்டை ஒரு வகை என இரண்டும் உண்டு. கடி பெரிதல்ல, ரத்தம் உறையவிடாமல் தடுக்கும் பொருளை அது செலுத்துவதால் கசிவு நிற்க நேரமாகும், அவ்வளவே.

கொசு அப்படியல்ல. குரங்குகளிடமிருந்து மனிதனுக்குத் தொற்றும் நோலெசி மலேரியா போர்னியோவில் உண்டு. சரவாக் மாநிலத்தில் மனிதர்களிடையே அது பரவலாக இருப்பது 2004இல் வெளியான ஆய்வினால் தெளிவாயிற்று. கொசுவலையும், டீட் கலந்த பூச்சு மருந்தும் கட்டாயம் வேண்டும்; தடுப்பு மாத்திரை பற்றி மருத்துவரைக் கேட்பதும் கட்டாயம். டீட் சிலவகைப் பிளாஸ்டிக்குகளைக் கரைக்கும். பூசிய கையோடு மூக்குக் கண்ணாடியையோ கேமராவையோ தொட்டால் அதில் விரல் ரேகை நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

கேமராவும் கால் கிராம் நீரும்

29° செ., ஒப்பு ஈரப்பதம் 90 உள்ள காற்றின் பனிநிலை 27° செ. அதாவது 27 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மீதும் நீர் படியும். குளிர்சாதன அறையில் 22 டிகிரியில் இரவெல்லாம் வைத்திருந்த கேமராவைக் காலையில் வெளியே எடுத்தால், ஐஸ் போட்ட டம்ளருக்கு வியர்ப்பதுபோல் அதற்கும் வியர்க்கும். வெளியே படிந்ததைத் துடைக்கலாம். வில்லைகளுக்கு இடையே படிந்ததை எப்படித் துடைப்பது? கேமராவை இறுக மூடிய டப்பாவில் வைத்து, டப்பாவோடு வெளியே கொண்டுவந்து, ஒரு மணி நேரம் பொறுத்துத் திறக்க வேண்டும். நீர் டப்பாவின் மேல் படிந்துவிட்டுப் போகட்டும்.

ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்கில் நீடித்தால் வில்லையின் மேல் பூஞ்சணம் முளைக்கத் தொடங்கும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியையே அரித்துவிடும். இதற்கு மருந்து சிலிக்கா ஜெல். எவ்வளவு வேண்டும்? பத்து லிட்டர் கொள்ளளவுள்ள டப்பாவில் அடைபட்ட காட்டுக் காற்றில் இருக்கும் நீராவி கால் கிராம்தான். 50 கிராம் சிலிக்கா ஜெல் பத்து கிராம் நீரையாவது ஏற்கும். பிறகென்ன, நாற்பது முறை திறந்து மூடலாமே என்று தோன்றும். காற்றைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் கேமராவைத் துடைத்த ஈரக் கைக்குட்டையை அதே டப்பாவில் போட்டுவிட்டால் அதில் மட்டும் பதினைந்து கிராம் நீர் இருக்கிறது. நம் நண்பர் செய்தது அதுவேதான். ஒரே இரவில் மணிகள் நிறம் மாறி, மறுநாள் கேமராத் தோள்பட்டை நனைந்து கிடந்தது. தோள்பட்டையும் ஒரு துணிதான் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. அதைக் கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும்.

ஈரம் ஏறிய மணிகளை 120° செ. அளவில் சூடாக்கினால் மீண்டும் பயன்படும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் பழைய வகையில் கோபால்ட் குளோரைடு உண்டு. அது உடலுக்குக் கேடு என்பதால் இப்போது ஆரஞ்சு நிற வகை வருகிறது. எதுவானாலும் சமையல் வாணலியில் வறுக்கக் கூடாது. சிலிக்கா ஜெல் கிடைக்காதவர்கள், நன்கு வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து போடலாம். உப்பு ஜாடியில் அரிசி போட்டு வைக்கும் நம் வீட்டு வழக்கத்தின் நீட்டிப்பே அது; திறன் குறைவுதான், ஆனால் ஒன்றுமில்லாததற்கு மேல்.

இரவின் உலர்ந்த எட்டு மணி நேரம்

பகல் முழுதும் நனைந்த பாதத்தின் தோல் வெளுத்து, சுருங்கி, மிருதுவாகிவிடும். அப்படியே தொடர்ந்தால் வெடித்துப் புண்ணாகும். வியட்நாமில் நெல் வயல்களில் நின்ற வீரர்கள் பலர் குண்டடி இன்றியே நடக்க முடியாமற் போனது இதனால்தான். தடுக்கும் வழி எளியது. ஒரு நாளில் சில மணி நேரமாவது பாதம் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். முகாமுக்கு வந்ததும் குளித்து, விரலிடுக்கு வரை துவட்டி, மாவு தூவி, நனையாத மூட்டையைப் பிரித்து உலர்ந்த துணி உடுத்துப் படுப்பது. காலையில் எழுந்ததும் உலர்ந்த துணியைக் கழற்றி மறுபடி மூட்டையில் கட்டிவிட்டு, நேற்றைய ஈரச் சட்டையையே மாட்டிக்கொள்வது. இந்த இரண்டாம் பாதிதான் கடினம். விடியற்காலையில் சில்லென்ற ஈரச் சட்டைக்குள் நுழைய யாருக்கும் மனம் வராது. 'இன்று ஒரு நாள் மட்டும்' என்று உலர்ந்ததை அணிந்தவருக்கு அன்று மாலை உலர்ந்த துணி ஒன்றும் இராது. ஐந்து நிமிடம் நடந்தால் எந்தச் சட்டையும் வியர்வையில் ஈரமாகத்தான் போகிறது என்பதை எண்ணி மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். பிற்பகல் இரண்டு மணிக்குத் திறந்த வெளியில் ஈரப்பதம் 70க்குச் சற்று மேல் வரை இறங்கும் என்றேனே, பகல் உடுப்பைக் காய வைக்க அந்த ஒரு வேளைதான் உண்டு. மழை வராவிட்டால்.

ஊறிய தோலில் பட்ட சிறு கீறலும் அட்டைக்கடியும் வேறொரு நோய்க்கு வாயில். 2000ஆம் ஆண்டில் சபாவில் நடந்த ஒரு சாகச ஓட்டப் போட்டியில் 304 வீரர்கள் கலந்துகொண்டனர். ஊர் திரும்பிய பின் அவர்களில் பலருக்குக் காய்ச்சல் கண்டது. விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் லெப்டோஸ்பைரா கிருமி அது என்றும், சிகாமா ஆற்றில் நீந்தியவர்களுக்கே அதிகம் கண்டது என்றும் ஆய்வில் தெரிந்தது. அதே சிகாமா ஆறுதான் டானும் பள்ளத்தாக்கின் ஓரமாக ஓடுகிறது. நீர் புகாத ஒட்டுப்பட்டை ஒரு கற்றையும், கிருமிநாசினி ஒரு குப்பியும் பைக்குள் இருக்க வேண்டியது இதனால்தான். குடிப்பதற்குக் கொதிக்க வைத்த நீர். அதில் கலக்க உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கைந்து. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2002 ஆம் ஆண்டு அளவுப்படி, ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும் உள்ளது. பொட்டலம் பிரிக்காமல் இருக்கும்வரைதான் பொடி. பிரித்தால் அரை மணியில் பாகு. மாத்திரைகளும் அப்படியே. குப்பியில் கொட்டி எடுத்துச் செல்லாமல், தகட்டு உறையிலேயே எடுத்துச் செல்ல வேண்டும்.

நண்பர் அந்த ஓடையில் உட்கார்ந்தபோது அவர் குதிகாலில் பூட்ஸ் கடித்த புண் ஒன்று இருந்திருக்கிறது. ஓடையில் உட்காராமல் இருந்திருக்கவும் முடியாது. திரும்பி வந்த இரண்டாம் வாரம் இலேசாகக் காய்ச்சல் கண்டதும் தெருமுனை மருந்துக் கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கப் புறப்பட்டவரை நிறுத்தி, அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். வரிசையில் நிற்கும்போதே, போர்னியோவில் ஓடையில் இறங்கியதையும், குதிகால் புண்ணையும், அட்டைக் கடியையும், கொசுக் கடியையும் தேதியோடு ஒரு தாளில் எழுத வைத்தேன். மருத்துவர் அதைப் படித்துவிட்டு ரத்தத்தை இரண்டு சோதனைகளுக்கு அனுப்பினார். இரண்டிலும் ஒன்றும் இல்லை. சாதாரணச் சளிக் காய்ச்சல். அவர் மனைவி அதன் பிறகுதான் அந்தப் பையைத் திறக்க விட்டார். அடியில் பாலித்தீனில் சுற்றிக் கட்டிய ஜீன்ஸ் இரண்டும் கரும்புள்ளி பூத்து, இன்னும் ஈரமாகவே இருந்தன.